பக்கிங்காம் கால்வாய்: கிளிநொச்சியில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன் எங்கள் கமக்காரர் அமைப்பு வாய்க்கால் துப்புரவு செய்யும். அப்படியொரு நாளில் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கும்போது, சென்னையில் நான் பார்த்த ஒரு கால்வாயைப் பற்றிக் கதைத்தேன். 1990 இல் பேசாலைக் கரையிலிருந்து வள்ளமேறி இராமேசுவரம் போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பிறகு பல வருடம் சென்னையில் ஒரு இரும்புக் கடையில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. கடைக்குப் போக ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்துக்குக் கீழே இருந்ததுதான் பக்கிங்காம் கால்வாய். உப்பும் விறகும் ஏற்றிய வள்ளங்கள் வரிசையாகப் போன நீர்வழி, நான் பார்த்தபோது கறுப்புச் சாக்கடை. இதைச் சொன்ன நாளிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

எத்தனை ஏக்கர் பாயும்?

முதற் கேள்வி எப்போதும் இதுதான். இரணைமடுக் குளத்தின் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் வேறு என்னத்தைக் கேட்பார்கள்?

ஒரு ஏக்கரும் பாயாது. அது உப்புத்தண்ணி. கடலுக்குச் சமாந்தரமாக, கரையிலிருந்து கொஞ்சத் தூரம் உள்ளே, கழிமுகங்களையும் களப்புகளையும் ஒன்றோடொன்று தொடுத்து வெட்டியது. கடல் பெருகினால் அதற்குள்ளும் தண்ணீர் ஏறும், வற்றினால் இறங்கும். வள்ளம் போவதற்கென்றே வெட்டிய வழி அது.

நாங்கள் வாய்க்கால் என்கிறோம், அங்கே கால்வாய் என்கிறார்கள். இரண்டும் அதே இரண்டு சொல், இடம் மாறி நிற்கிறது. வன்னியில் வாய்க்கால் என்று எழுதியதும் வாசிப்பவருக்கு முல்லைத்தீவுக் கரையின் ஓர் ஊர்ப்பெயர் நினைவுக்கு வரும், எனக்கும் வரும். அதனாலேயே இந்தப் பக்கத்தில் அவர்களுடையதைக் கால்வாய் என்றும் எங்களுடையதை வாய்க்கால் என்றும் எழுதுகிறேன்.

எங்க தொடங்கி எங்க முடியுது?

வடக்கே ஆந்திராவில் பெத்தகஞ்சம். தெற்கே தமிழ்நாட்டில் மரக்காணம். மொத்தம் ஏறத்தாழ 420 கிலோமீற்றர். அதில் 257 ஆந்திராவுக்குள், 163 தமிழ்நாட்டுக்குள். காங்கேசன்துறையிலிருந்து ரயிலில் கொழும்புக்குப் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை நகர எல்லைக்குள் மட்டும் 31 கிலோமீற்றர் அளவில் வரும்.

பெத்தகஞ்சத்தில் அது கிருஷ்ணா ஆற்றின் கொம்மமூர் கால்வாயோடு சேரும். அங்கிருந்து மேலே எல்லாம் நல்ல தண்ணி, அவை வயலுக்கும் பாயும் வாய்க்கால்கள். அவற்றின் வழியாக அந்த நாளில் வள்ளம் காக்கிநாடா வரை போனது. முழுத் தொடரையும் சேர்த்துப் பார்த்தால் 800 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். அந்த ஆந்திர வாய்க்கால்களுக்குப் பின்னால் நின்றவர் ஆர்தர் கொட்டன் என்ற ஆங்கிலேய எஞ்சினியர். கோதாவரிக்கும் கிருஷ்ணாவுக்கும் அணைக்கட்டுப் போட வைத்தவர். ரயிலுக்குக் கொட்டுகிற காசை நீர்வழிக்குக் கொட்டுங்கள் என்று கடைசிவரை வாதாடினார். அரசாங்கம் ரயிலின் பக்கம்தான் சாய்ந்தது.

யார் வெட்டினது?

ஒரே மூச்சில் ஒருவர் வெட்டியதல்ல. முதல் துண்டு 1806 ஆம் ஆண்டளவில், சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல். வெட்டுவித்தவர் பசில் கொக்ரேன் என்ற வியாபாரி, ஆங்கிலக் கடற்படைக்கு உணவு கொடுக்கும் கொந்தராத்தில் பெரும்பணம் சேர்த்தவர். (இதே ஆள் பிறகு லண்டனில் நீராவிக் குளியல் நிலையம் வைத்திருந்தார். சென்னை வெயிலில் வேர்த்தது போதவில்லைப் போலும்.) அப்போது அதற்குக் கொக்ரேன் கால்வாய் என்றுதான் பெயர்.

1837 இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வடக்கே பழவேற்காட்டு ஏரிக்கும், அதைத் தாண்டியும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, 1876 இல் பெத்தகஞ்சத்தைத் தொட்டது. தெற்கே மரக்காணம் வரை 1882 இல் முடிந்தது. நடுவில் ஒரு இடைவெளி. சென்னை நகரத்துக்குள் கூவம் ஆற்றுக்கும் அடையாற்றுக்கும் இடையில் 8 கிலோமீற்றர். அது வெட்டப்பட்டது 1877, 1878 இல், பஞ்ச காலத்தில்.

பக்கிங்காம் எண்டால் லண்டன் மாளிகையோ?

மாளிகை இல்லை, பட்டம். பக்கிங்காம் கோமகன் 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநர். நகரத்துக்குள் அந்த நடு இணைப்பு அவர் காலத்தில் நடந்ததால் முழு நீளத்துக்கும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

பஞ்சத்திலதான் வெட்டினது எண்டு சொன்னீங்கள். அந்தப் பஞ்சத்திலதானே எங்கட ஆக்களும் இங்க வந்தவை?

கேட்டவர் வாய்க்காலின் கடைசித் துண்டில் காணி செய்கிற ஒரு அக்கா. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் குடியேறிய குடும்பம். கேட்ட கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

ஆம், அதே பஞ்சம். தமிழ்நாட்டில் தாது வருடப் பஞ்சம் என்பார்கள். 1876 இல் மழை பொய்த்து, 1878 வரை நீடித்தது. சென்னை மாகாணமும் தக்காணமும் சேர்த்துச் செத்தவர்கள் ஐம்பது இலட்சத்துக்கு மேல். சும்மா சாப்பாடு கொடுத்தால் சனம் சோம்பேறியாகிவிடும் என்று அன்றைய அரசாங்கம் நினைத்தது. உடம்பில் தெம்புள்ளவன் வேலை செய்தால்தான் கூலி. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட அந்த 8 கிலோமீற்றர் இப்படி வெட்டியதுதான்.

கூலி எவ்வளவு? 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி அதைக் குறைத்தார். நாள் முழுக்க வேலை செய்யும் ஆணுக்கு ஒரு றாத்தல் தானியமும் ஒரு அணாக் காசும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. ஒரு றாத்தல் என்றால் 450 கிராம் சொச்சம். எதிர்ப்புக் கிளம்பி, சில மாதங்களில் கொஞ்சம் கூட்டினார்கள். வாய்க்கால் துப்புரவு நாளில் நாங்கள் காலைச் சாப்பாட்டோடு வந்து, பத்து மணிக்குத் தேத்தண்ணி குடித்து, மத்தியானம் சோற்றோடு கலைந்துவிடுவோம். அதற்கே அடுத்தநாள் முதுகு நிமிராது. ஒரு றாத்தலில் ஒரு மனிதன் நாள் முழுக்க மண் சுமந்திருக்கிறான்.

மண் சுமக்காதவர்களில் ஒரு கூட்டம் கடல் தாண்டியது. வள்ளத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடை. அங்கிருந்து கோப்பித் தோட்டங்கள். கோப்பி பறிக்க வந்து போகிறவர்கள் முன்பும் இருந்தார்கள். 1877 இல் வந்த தொகை வேறு மாதிரி. பஞ்சத்தில் வற்றிய உடம்போடு வந்தவர்களைக் கொலரா வழியிலேயே பிடித்தது. வன்னிக் காட்டின் ஓரமாகப் போன அந்தப் பாதையில் புதைந்தவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல முடியாது, பெயர் எழுதி வைத்தவர் இல்லை.

இதைச் சொல்லி முடித்ததும் அக்கா விரலில் கணக்குப் போட்டார். 1877 இல் தாத்தாவின் தாத்தா வன்னி ஓரத்தால் நடந்து மலைக்கு ஏறியது. 1977 இல் அப்பா மலையிலிருந்து இறங்கி வன்னிக்கு வந்தது. “சரியா நூறு வருசம்” என்றார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று அவருக்கு இன்னும் மூன்று பாகம் வெட்டக் கிடந்தது.

கடல் ஏறி இறங்குது எண்டால், வள்ளம் தரை தட்டாதோ?

தட்டும், அதற்குத்தான் இரட்டைக் கதவு. எங்கள் துருசில் ஒரு கதவு, திறந்தால் தண்ணீர் ஓடும், அவ்வளவுதான். அங்கே ஆறு குறுக்கிடுகிற இடங்களில் கல்லால் கட்டிய ஒரு தொட்டி, அதன் இரண்டு முனையிலும் கதவு. வள்ளம் தொட்டிக்குள் வந்ததும் பின்கதவைப் பூட்டுவார்கள். முன்கதவில் உள்ள சின்னத் திறப்பால் தண்ணீரை மெல்ல விடுவார்கள். உள்ளே உள்ள மட்டமும் வெளியே உள்ள மட்டமும் ஒன்றானதும் முன்கதவு திறக்கும். வள்ளம் போகும். ஆற்றைக் கடந்து மறுகரையில் இன்னொரு தொட்டி. வெள்ளகாலத்தில் ஆறு கொண்டுவருகிற மண் கால்வாய்க்குள் புகாமல் தடுப்பதும் இதே கதவுகள்தான்.

எஞ்சின் கிடையாது. காற்று இருந்தால் பாய். இல்லாவிட்டால் மூங்கிற் கம்பால் ஊன்றுவது. அதுவும் சரிவராவிட்டால் கரையில் இறங்கி, கயிற்றை மார்பில் போட்டுக்கொண்டு இழுத்தபடி நடப்பது.

என்ன சாமான் போனது?

உப்பு முதலிடம். எண்ணூர், கோவளம், மரக்காணம் எல்லாம் உப்பளக் கரைகள். எங்கள் ஆனையிறவு மாதிரி. மரக்காணத்தில் இன்றைக்கும் வெள்ளை வெள்ளையாகக் குவித்து வைத்திருப்பார்கள். வடக்கே ஆந்திராவிலிருந்து நெல். சுண்ணாம்பு சுடுவதற்குச் சிப்பி. கருவாடு. கூலி கொடுத்துப் பயணம் செய்கிற சனமும் போனது.

ஆனால் சென்னைக்கு அது இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிலை வந்தது விறகால். விறகு பெருமளவில் வந்த இடம் ஸ்ரீஹரிகோட்டா. ஆம், இப்போது ராக்கெட் விடுகிறார்களே, அதே தீவுதான். பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல் தீவு, முழுக்கக் காடு. அங்கே வெட்டிய விறகை வள்ளத்தில் அடுக்கிக் கால்வாயால் நகரத்துக்குள் கொண்டுவந்து கரையோரத் தொட்டிகளில் இறக்குவார்கள். நாங்கள் விறகு காலை என்பதை அங்கே விறகுத் தொட்டி என்பார்கள். நான் வேலை செய்த கடைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், சின்ன வயதில் தொட்டிக் கரையில் ஈர விறகு மணத்ததைச் சொல்வார். சொல்லும்போது மூக்கை உறிஞ்சிக் காட்டுவார். நாங்கள் நின்ற இடத்தில் அப்போது மணத்தது வேறு.

ரயில் வந்துதானே அழிஞ்சது?

புத்தகத்தில் படித்தவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

விஜயவாடாவுக்கும் சென்னைக்கும் ரயில் இணைப்பு 1899 இல் வந்தது, கால்வாய்க்குச் சமாந்தரமாக. வேகமாகப் போக வேண்டியவை ரயிலுக்கு மாறியது உண்மை. ஆனால் வள்ளம் 1960கள் வரை ஓடியது. கொலைகாரனோடு அறுபது வருடம் பக்கத்து வீட்டில் வாழ்ந்தவனைப் பார்த்து, அவன்தான் கொன்றான் என்று எப்படிச் சொல்வது? விறகுக்கும் உப்புக்கும் என்ன அவசரம்? மலிவாகப் போனால் போதும்.

ரயிலைவிட லொறி அதிகம் அடித்தது. ரயில் நிலையத்தில் இறக்கும், பிறகு வண்டி பிடிக்க வேண்டும். லொறி உப்பளத்திலேயே ஏற்றிக் கடை வாசலிலேயே இறக்கும். வள்ளத்தின் வேலை அதுதான், அதை லொறி அப்படியே பறித்தது. வள்ளம் குறைய வள்ள வரி குறைந்தது. வரி குறைய, தூர் வாருகிற காசும் குறைந்தது. தூர் வாராத கால்வாயில் பாரம் ஏற்றிய வள்ளம் தரை தட்டும், அதனால் அரைப் பாரம் ஏற்றினார்கள். அரைப் பாரத்துக்குக் கூலி கட்டாது. இன்னும் கொஞ்சம் வள்ளம் குறைந்தது.

அதற்குமேல்தான் 1965, 1966 புயல்கள். எங்கள் பக்கத்தில் 64 புயல் என்றால் இன்றைக்கும் பெரியவர்கள் கதையை நிறுத்திவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார்கள். முல்லைத்தீவிலிருந்து மன்னார் வரை மரம் முறித்து, தனுஷ்கோடியைத் துடைத்துப் போட்டது அது. அடுத்த இரண்டு வருடங்களில் அங்கே அவர்களுடைய முறை. கரை உடைந்தது, மணல் மூடியது. இருபது வருடம் முந்தி அப்படி நடந்திருந்தால் திருத்தியிருப்பார்கள். அறுபதுகளில் திருத்தச் சொல்லிக் கேட்க வள்ளக்காரர் போதவில்லை.

வன்னிக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2010 இல் திரும்பி வந்தபோது எங்கள் வாய்க்காலை நான் நடந்து பார்த்தேன். ஷெல் விழுந்து உடைந்த இடம் இரண்டோ மூன்றோ. மிச்சம் முழுக்க உடைவே இல்லை. நாணலும் நாயுண்ணியும் அடைத்து, ஒரு இடத்தில் வாய்க்காலின் நட்டநடுவில் என் கை மொத்தத்துக்கு ஒரு வேம்பு. கட்டு அப்படியே இருந்தது, துருசு அப்படியே இருந்தது. ஆட்கள்தான் இல்லை. ஒரு போகம் விட்டால் புல், இரண்டு போகம் விட்டால் பற்றை, நாலு விட்டால் அங்கே வாய்க்கால் இருந்தது என்று ஆள் வைத்துக் காட்ட வேண்டும்.

சென்னைக்குள்ள ஏன் அவ்வளவு நாறுது?

வள்ளம் போகாத தண்ணியை யாரும் தண்ணியாகப் பார்ப்பதில்லை. நகரம் பெருத்தது, கழிவு நீர் போக இடம் வேண்டும், கால்வாய் பள்ளத்தில் கிடந்தது. கூவத்தின் வாயையும் அடையாற்றின் வாயையும் கடல் மணல் அடிக்கடி மூடிவிடும். நந்திக்கடலுக்கு வட்டுவாகலில் வெட்டிவிடுவது போல வெட்டிவிடாவிட்டால் கடல் ஏறி இறங்கிக் கழுவுவதும் நின்றுபோகும். நின்ற தண்ணியும் சாக்கடையும் சேர்ந்தால் என்ன மணக்கும்?

பிறகு பறக்கும் ரயில். நகரத்துக்குள் புது ரயில் பாதைக்குக் காணி எடுப்பது கஷ்டம், கால்வாய் அரசாங்கக் காணி. ஆகவே கால்வாய்க்கு மேலேயே தூண் நிறுத்தினார்கள். 1995 இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது, 1997 இல் மயிலாப்பூர், பிறகு 2004 இல் திருவான்மியூர், 2007 இல் வேளச்சேரி. அதில் ஏறி வேலைக்குப் போனவர்களில் நானும் ஒருவன், வசதியாகத்தான் இருந்தது. கீழே பார்த்தால் ஒவ்வொரு தூணின் அடியிலும் பால் பைக்கற், செருப்பு, தேங்காய் மட்டை சேர்ந்து ஒரு குட்டித் தீவு. தூணுக்கும் கரைச் சுவருக்கும் நடுவில் மிஞ்சிய இடத்தால் கறுப்பாக ஒரு நீர்க்கோடு ஊரும். மழைக்காலத்தில் அந்த இடுக்கால்தான் நகரத்தின் வெள்ளமும் போயாக வேண்டும்.

நகரத்துக்குத் தெற்கே கதை கொஞ்சம் வேறு. அங்கே அகலம் மிச்சம் இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து மழைத்தண்ணீர் ஒக்கியம் மடுவால் இறங்கி, கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காட்டில் கடலுக்குப் போகும். சாமான் கொண்டுபோக வெட்டியது இப்போது வெள்ள வாய்க்கால் வேலை பார்க்கிறது.

சுனாமிக்கு அது உதவினதாமே?

2004 டிசம்பர் 26. ஆந்திரப் பக்கமும் சென்னைக்கு வடக்கேயும் கடல் தண்ணீர் கரை ஏறி வந்து கால்வாய்க்குள் விழுந்தது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் பல இடங்களில் திரும்பி இறங்கியது என்றும், அதனால் கால்வாய்க்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள் தப்பினார்கள் என்றும் பின்னர் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதற்காக வெட்டப்பட்டதல்ல. ஆனால் குறுக்கே ஒரு பள்ளம் கிடந்தால் தண்ணீர் முதலில் பள்ளத்தைத்தானே நிரப்பும். முல்லைத்தீவில் அன்று கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் மணல் மட்டும்தான் இருந்தது. இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நான் இதற்குமேல் எதுவும் சொல்லவில்லை, அவர் முல்லைத்தீவுக்காரர்.

எங்கட கரையிலயும் களப்புகள் இருக்கே, ஏன் இப்பிடி ஒண்டு இல்லை?

நல்ல கேள்வி. கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல், சாலை, சுண்டிக்குளம் என்று வரிசையாகப் பாருங்கள். கோரமண்டலக் கரையைச் சின்னதாக்கி வைத்தது போல இருக்கும். மேற்குக் கரையில் ஒல்லாந்தர் இதைச் செய்தார்கள். கொழும்பு, நீர்கொழும்பு, புத்தளம் எல்லாவற்றையும் களப்புகள் வழியாகத் தொடுத்தார்கள், பிறகு ஆங்கிலேயர் அதில் ஹமில்டன் கால்வாயைச் சேர்த்தார்கள்.

வன்னியில் அதற்குக் காரணமே இல்லை என்பது என் எண்ணம். கால்வாயின் ஒரு முனையில் தின்று தீர்க்கிற நகரம் ஒன்று வேண்டும். அங்கே சென்னை, மேற்கில் கொழும்பு. எங்கள் கரையின் எந்த முனையில் நின்று யார் அவ்வளவு விறகு கேட்டார்கள்? வன்னியில் விறகு வாசலில் கிடந்தது.

சேதுக் கால்வாயும் இதுவும் ஒண்டோ?

இல்லை. அது இராமர் அணைப் பக்கம் கடலடியை ஆழமாக்கிக் கப்பல் விடுகிற திட்டம். 2005 ஜூலையில் தொடங்கி, 2007 இல் நீதிமன்றத் தடையோடு நின்றது.

திரும்ப வள்ளம் விட ஏலாதோ?

2008 இல் இந்திய அரசு இதையும் ஆந்திர வாய்க்கால்களையும் கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளையும் சேர்த்து நான்காம் தேசிய நீர்வழி என்று அறிவித்தது. வேலை தொடங்கியது கிருஷ்ணா ஆற்றுப் பக்கம். சென்னைக்குள் தூண்களைப் பிடுங்காமல் பாரவள்ளம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. வடக்கேயும் தெற்கேயும் துண்டு துண்டாக முடியும். ஆனால் அந்த வேலையை ஒருமுறை செய்தால் போதாது, வருடா வருடம் தூர் வார ஆளும் காசும் வேண்டும். திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் தூர் வார வருவதில்லை.

பாக்கப் போகலாமோ?

போகலாம். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது. ஒரு நாள்தான் கையில் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறி முட்டுக்காட்டில் இறங்குங்கள், அங்கே தண்ணி அகலமாக இருக்கும், வாடகை வள்ளமும் உண்டு. இரண்டு நாள் என்றால் மரக்காணம் உப்பளத்தையும் பாருங்கள்.

நகரத்துக்குள் பார்க்க வேண்டுமென்றால் இறங்கவே வேண்டாம். கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறி, கலங்கரை விளக்கம் தாண்டியதும் கதவோரம் நின்று கீழே பாருங்கள், மயிலாப்பூர் வரை கூடவே வரும். காலையில் போங்கள். வெயில் ஏறினால் மணம் ரயிலுக்குள்ளும் வந்துவிடும்.